பெயிண்ட் உதிரும் பழைய விளம்பரக் கடிகாரம்: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஒஹாயோவில் ஒரு பழைய சாமான் சந்தையில் 15 அங்குல வட்டக் கடிகாரம் வாங்கியிருக்கிறீர்கள். உள்ளே விளக்கு எரியும் விளம்பரக் கடிகாரம். டயல் கண்ணாடியால் ஆனது, அதில் 1950களில் இருந்த ஒரு சின்ன உள்ளூர்ப் பால் நிறுவனத்தின் பெயர். எழுத்துகளில் பெயிண்ட் உதிர்கிறது. நடுத்துளையிலிருந்து 4 மணிப் பக்கமாக ஒரு விரிசல் ஓடுகிறது. பிளக்கைச் சொருகினால் முனகல் சத்தம் வருகிறது, முள் மட்டும் நகரவில்லை. பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பிரிண்ட் எடுத்து ஒட்டிவிடலாமா என்பது முதல் கேள்வி. கோவைக்குத் திரும்பும்போது எடுத்துப்போனால் அங்கே ஓடுமா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பதில்: சுரண்டாதீர்கள். இந்த மாதிரிக் கடிகாரத்தில் தகரப் பெட்டி, மோட்டார், விளக்கு, வெளிக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் மாற்று கிடைக்கும். கிடைக்காதது அந்தக் கண்ணாடியின் பின்பக்கம் இருக்கும் மெல்லிய பெயிண்ட் படலம்தான். பெரிய சோடா கம்பெனியின் கடிகாரமாக இருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். அவற்றுக்கு மறுபதிப்பு டயல்கள் விற்பனைக்கே இருக்கின்றன, ஒன்று போனாலும் உலகத்தில் இன்னும் பல மிச்சம் இருக்கும். உள்ளூர்ப் பால் நிறுவனத்தின் டயல் அப்படியில்லை. அந்த நிறுவனமே இப்போது இல்லை என்றால், அந்த எழுத்து வடிவமும் அந்தச் சிவப்பும் உங்கள் சுவரில் மட்டும்தான் இருக்கும். அரைகுறையாக உதிர்ந்த அசலுக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் மதிப்பை, பளபளக்கும் புதுப் பிரிண்டுக்குக் கொடுப்பதில்லை.

கடிகாரத்தின் வயதை முதலில் கொஞ்சம் பார்த்துவிடலாம். இது சுலபமான வேலை. டயலின் கீழ் விளிம்பில், அதைச் சுற்றிப் பிடிக்கும் வளையம் மறைக்கும் இடத்துக்கு மேலேயே பொடி எழுத்தில் தயாரிப்பாளர் பெயரும் ஊரும் இருக்கும். இந்த வகையில் அதிகம் கண்ணில் படும் பெயர் பாம் கடிகார நிறுவனம். புரூக்ளின் அல்லது நியூ ரோஷல் முகவரி போட்டிருக்கும். ஊர்ப் பெயருக்கும் மாநிலத்துக்கும் நடுவில் ஓர் இலக்க எண்ணோ இரண்டு இலக்க எண்ணோ இருந்தால் (‘புரூக்ளின் 1, நியூயார்க்’ என்பது போல) அது பழைய தபால் மண்டல எண். அமெரிக்காவில் அந்த முறை 1943இல் வந்தது, 1963இல் ஐந்து இலக்க ஜிப் கோடு அதன் இடத்தைப் பிடித்தது. ஆக, அந்த எண் ஒன்றே கிட்டத்தட்ட இருபது வருட எல்லைக்குள் உங்களை நிறுத்திவிடும். நீங்கள் ஒஹாயோவில் இருப்பதால் ஒரு கூடுதல் தகவல்: இந்தத் தொழிலில் உங்கள் மாநிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரட்டைக் குமிழ்க் கண்ணாடி வைத்த விளம்பரக் கடிகாரங்கள் சின்சினாட்டியில் தயாராயின. நியான் வளையம் சுற்றிய கடிகாரங்கள் கிளீவ்லாந்திலிருந்தும் லைமாவிலிருந்தும் வந்தன. சின்சினாட்டியில் அமெரிக்கன் சைன் மியூசியம் இருக்கிறது. கண்ணாடியின் பின்பக்கம் வரைந்த விளம்பரப் பலகைகள் நல்ல நிலையில் இருந்தால் எப்படி ஒளிரும் என்று பார்க்க ஒருமுறை போய்வாருங்கள்.

அடுத்து, பெயிண்ட் ஏன் உதிர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இது புரியாமல் கை வைத்தால் காரியம் கெட்டுப்போகும்.

உங்கள் டயல் பின்பக்கமாக ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யப்பட்டது. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியங்களைப் பார்த்திருந்தால் முறை உடனே புரியும். கண்ணாடியின் பின்னால் வரைவதால் வரிசை தலைகீழாகிறது. முன்னால் தெரிய வேண்டிய எழுத்தும் மெல்லிய கோடுகளும் முதலில், பின்னணி நிறம் கடைசியில். விளக்கு எரியும் கடிகாரத்தில் கடைசியாகப் போடும் அந்த வெள்ளைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பின்னால் இருக்கும் பல்பின் வெளிச்சத்தைப் பரப்பி, டயல் முழுக்க ஒரே சீராகக் காட்டுவது அதுதான். அதனால் அது முழுக்க மறைக்கும் வெள்ளையாக இருக்காது, பாதி ஒளி ஊடுருவும் வெள்ளையாக இருக்கும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இந்த மை சூளையில் சுட்டதில்லை. சுட்ட எனாமல் என்றால் கண்ணாடியோடு உருகி ஒன்றாகியிருக்கும். இது வெறுமனே மேலே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கண்ணாடி வழவழப்பானது, பிடிமானம் குறைவு. பல்ப் எரியும்போது சூடு, கடையை அடைத்ததும் குளிர்ச்சி, இப்படியே பல வருடங்கள். கண்ணாடி விரியும் அளவும் பெயிண்ட் விரியும் அளவும் ஒன்றில்லை. பெயிண்ட் வயதாகி விறைத்துப்போனதும் நெகிழ முடியாமல் விட்டுவிடுகிறது. அதற்கு மேல் யாரோ ஈரமான நிலவறையில் போட்டு வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

சேதத்தைக் கணக்கெடுக்க, டயலைக் கழற்றுவதற்கு முன்பே இரண்டு விதமாகப் பாருங்கள். முதலில் விளக்கை அணைத்துவிட்டு, அறை வெளிச்சத்தில் முன்பக்கமாகப் பாருங்கள். சில இடங்களில் நிறம் இருக்கும், ஆனால் சாம்பல் பூத்தது போல மங்கித் தெரியும். அங்கே பெயிண்ட் இன்னும் இருக்கிறது, கண்ணாடியை விட்டு மட்டும் எழும்பிவிட்டது, நடுவில் காற்று புகுந்திருக்கிறது. அடுத்து, பின்னால் ஒரு எல்.இ.டி. விளக்கைப் பிடித்துப் பாருங்கள். பளீரென்று வெள்ளையாக ஒளி வரும் இடங்களில் பெயிண்ட் போய்விட்டது. எழும்பிய இடமும் போன இடமும் வேறு வேறு வியாதி, வைத்தியமும் வேறு. இரண்டு நிலையிலும் நேர் எதிரே கேமராவை வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் அந்தப் படம் மட்டும்தான் ஆதாரம்.

கழற்றும்போது மிகவும் ஆபத்தான கட்டம் முட்களை எடுப்பது. விநாடி முள் நேராக இழுத்தால் வரும். நிமிட முள்ளை ஒரு சின்ன நட்டு பிடித்திருக்கும். மணி முள் இறுக்கமாகச் சொருகியிருக்கும். நட்டு துருப்பிடித்து அசையவில்லை என்றால் எல்லோருடைய கையும் துரு நீக்கும் ஸ்பிரேயைத் தேடும். அதைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். அந்த எண்ணெய் தண்டு வழியாக இறங்கி, துளையின் ஓரத்தில் கண்ணாடிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் புகுந்துவிடும். அப்புறம் அந்த இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. பின்பக்கம் மோட்டாரை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, முன்னால் பொருத்தமான ஸ்பேனரால் மெதுவாகத் திருப்புங்கள். திருப்பும் விசை கண்ணாடியின் மேல் விழக்கூடாது. உங்கள் விரிசல் நடுத்துளையில் தொடங்குகிறது என்பதால் எனக்குத் தோன்றும் சந்தேகம் இதுதான்: முன்பு யாரோ வாஷர் போடாமல் நட்டை நேராகக் கண்ணாடியின் மேல் வைத்து இறுக்கியிருக்கிறார்கள். கழற்றியதும் அங்கே ஃபைபர் வாஷரோ ரப்பர் வாஷரோ இருக்கிறதா என்று பாருங்கள்.

விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டை இருந்தால் அது இந்நேரம் கல்லாகிப் பெயிண்டோடு ஒட்டியிருக்கும். பிய்த்தால் பெயிண்டும் சேர்ந்து வரும். சர்ஜிக்கல் பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுங்கள். பெயிண்டோடு ஒட்டிய பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள், வளையத்துக்குள் மறைந்துவிடும். திரும்பப் பூட்டும்போது சிலிகான் பட்டை போடுங்கள். சாதாரண ரப்பரிலிருந்து கந்தகம் கசியும்.

சுத்தம் செய்வது பற்றி. முன்பக்கத்துக்கு டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணி போதும். கண்ணாடி துடைக்கும் நீல நிறத் திரவம் வேண்டாம், அதில் அம்மோனியா இருக்கலாம். எதையும் நேராகக் கண்ணாடியின் மேல் தெளிக்காதீர்கள். துளை வழியாகவும் விரிசல் வழியாகவும் பின்பக்கம் போய்விடும். பின்பக்கத்துக்கு ஈரமே கூடாது. கேமரா லென்ஸ் ஊதும் ரப்பர் ஊதுகுழலும் மிக மென்மையான பிரஷும் மட்டும். எழும்பி நிற்கும் இடத்தில் பிரஷும் வேண்டாம். விரிசல் விரியாமல் இருக்கட்டும் என்று பின்பக்கம் செல்லோ டேப் ஒட்டும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அந்த டேப்பைத் திரும்ப எடுக்கும்போது எழுத்தும் அதோடு வந்துவிடும்.

எழும்பிய பெயிண்டைத் திரும்பப் படிய வைக்க, அருங்காட்சியகங்களில் பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினைப் பயன்படுத்துகிறார்கள். பல வருடம் ஆனாலும் மஞ்சளாகாது, வேண்டுமென்றால் பிறகு கரைத்து எடுத்துவிடலாம், ஒளி விலகல் எண்ணும் (ஒளியை வளைக்கும் அளவு) கண்ணாடிக்கு ஓரளவு பக்கத்தில் வரும். அதை நீர்த்த கரைசலாக்கி, மிக மெல்லிய பிரஷ் நுனியால் எழும்பிய செதிலின் ஓரத்தில் ஒரு துளி வைத்தால் அது தானாகவே இடுக்கில் இழுத்துக்கொள்ளும். காற்று வெளியேறி, முன்னால் பார்க்கும்போது சாம்பல் பூத்த இடம் திடீரென்று அசல் நிறத்துக்குத் திரும்பும். பார்க்க அத்தனை சந்தோஷமாக இருக்கும், அதனாலேயே வேகம் பிடித்துவிடும். அங்கேதான் நிறுத்திப் பிடிக்க வேண்டும்.

ஏனென்றால் இந்தப் பிசினைக் கரைக்க வழக்கமாக அசிட்டோனோ சைலீனோ தேவை. அந்தக் காலத்து ஸ்கிரீன் மையில் லாக்கர் என்ற மெருகுப் பூச்சு வகையும் உண்டு, லாக்கர் அசிட்டோன் பட்டால் நொடியில் கரைந்து ஓடும். ஆகவே முதலில் வளையத்துக்குள் மறையும் விளிம்பில், ஒவ்வொரு நிறத்திலும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். பஞ்சு சுற்றிய குச்சியில் கரைப்பானைத் தொட்டு, லேசாக ஒற்றி எடுத்து, பஞ்சில் நிறம் ஏறுகிறதா என்று பாருங்கள். சிவப்பு தாங்கும், கறுப்பு தாங்காது என்றெல்லாம் ஆகலாம். எந்த நிறமாவது பஞ்சில் ஏறினால் அந்தக் கரைப்பானை மறந்துவிடுங்கள். எதுவுமே ஒத்துவரவில்லை என்றால் செதில்களை அப்படியே விட்டுவிட்டு, கீழே சொல்லும் பின்தாள் முறையோடு நின்றுகொள்வது நல்லது. அல்லது கண்ணாடி ஓவியம் பராமரிக்கும் தொழில்முறைப் பாதுகாப்பாளரிடம் கொடுங்கள். செலவு கடிகாரத்தின் விலையைத் தாண்டலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னலைத் திறந்து வைத்து, தீ பக்கத்தில் இல்லாமல், கையுறையோடு செய்ய வேண்டிய வேலை இது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பும் யோசனையே வேண்டாம். வீட்டில் குழந்தை இருந்தால் உதிர்ந்த செதில்களை ஈரத் துணியால் ஒற்றி எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

பெயிண்ட் முழுக்கப் போன இடங்களுக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் செய்வது, கடையில் அதே நிறத்தில் எனாமல் பெயிண்ட் வாங்கி, பின்னாலிருந்து தொட்டு நிரப்புவது. இதில் இரண்டு கேடு. புதுப் பெயிண்டில் இருக்கும் தின்னர் பக்கத்துப் பழைய பெயிண்டின் ஓரத்தைக் கிளப்பிவிடும். இரண்டாவதாக, பகலில் கச்சிதமாகத் தெரியும் ஒட்டு, ராத்திரி விளக்குப் போட்டதும் கறுப்புத் திட்டாக நிற்கும். அசல் பெயிண்ட் பாதி ஒளியை விடுகிறது, நீங்கள் போட்டது விடவில்லை. என் பார்வைக்கு வந்த விளக்குக் கடிகாரங்களில் ‘முழுக்கச் சீர் செய்தது’ என்று விற்கப்பட்டவற்றில் இந்தத் திட்டுதான் முதலில் கண்ணில் படும்.

நான் சிபாரிசு செய்வது பின்தாள் முறை. 0.1 மி.மீ. கனமுள்ள தெளிவான பாலியெஸ்டர் தாளை (மைலார் என்று கேட்டால் கிடைக்கும்) டயலின் அளவுக்கு வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டுக்கொள்ளுங்கள். இழந்த இடங்களுக்கு நேரே அந்தத் தாளில் மட்டும் நிறம் தீட்டுங்கள். தாளை டயலுக்குப் பின்னால் வைத்து விளிம்பில் மட்டும் பிடிக்க வைத்தால், முன்னால் பார்ப்பவருக்கு இடைவெளி நிறைந்துவிட்டதாகத் தெரியும். அசல் கண்ணாடியில் ஒரு சொட்டுக்கூட ஏறாது. பிடிக்கவில்லை என்றால் தாளை உருவிவிட்டு வேறு தாள் போடலாம். எழும்பிய செதில்கள் நிறைய இருந்தால் தாள் அவற்றின் மேல் உரசாதபடி விளிம்பில் மெல்லிய அட்டை வளையம் வைத்துக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். தீட்டும்போது பின்னால் விளக்கை எரியவிட்டும் அணைத்தும் மாறிமாறிப் பார்த்து நிறத்தைத் தேற்ற வேண்டும். ஒளி ஊடுருவும் அக்ரிலிக் மைகளை மெல்லிய அடுக்குகளாக ஏற்றுவது கைகொடுக்கும். முழு வெள்ளை போன பெரிய பரப்புகளுக்கு வரையும் டிரேசிங் பேப்பரை அதே வடிவில் வெட்டி வைத்தாலே போதும், ஒளி கிட்டத்தட்ட ஒத்துப்போகும். மிக அருகில் வந்து சாய்வாகப் பார்த்தால் ஒட்டு தெரியத்தான் செய்யும், பின்தாள் ஒரு மயிரிழை பின்னால் நிற்கிறது அல்லவா. சுவரில் தலைக்கு மேல் தொங்கும் கடிகாரத்தில் அது ஒரு குறையாகவே படாது.

புதுப் பிரிண்ட் எடுக்கும் ஆசை இன்னும் விடவில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. நீங்கள் எடுத்த படத்தை வைத்து ஒரு ஸ்கிரீன் பிரிண்டரிடம் வேறொரு கண்ணாடியில் பிரதி எடுத்து அதை மாட்டுங்கள். அசலைத் தனியே பத்திரப்படுத்துங்கள். டிஜிட்டல் பிரிண்ட் மலிவு, ஆனால் உருப்பெருக்கியில் பார்த்தால் நான்கு நிறப் புள்ளிகள் தெரியும். அசல் ஸ்கிரீன் பிரிண்டில் நிறம் புள்ளியே இல்லாமல் ஒரே பரப்பாக இருக்கும். (இனிமேல் வேறு கடிகாரம் வாங்கப் போனால் போலியைக் கண்டுபிடிக்க இதுவே எளிய சோதனை, லூப் என்ற சின்ன உருப்பெருக்கி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.) பிரதியின் பின்பக்கம் அது பிரதி என்றும் எந்த வருடம் செய்தது என்றும் எழுதிவிடுங்கள். உங்களிடமிருந்து நாலு கை மாறிப் போகும்போது யாரும் ஏமாறக்கூடாது.

விரிசலைப் பற்றி நீங்கள் மிகவும் கவலைப்படுகிறீர்கள், எனக்கு அவ்வளவு கவலை இல்லை. முதலில் மோட்டாரின் எடை எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். பெட்டியில் திருகிய இரும்புப் பட்டை மோட்டாரைத் தாங்கினால் கண்ணாடிக்குச் சுமையே இல்லை. துளை ஓரத்தில் ஃபைபர் வாஷர் போட்டு, நட்டை விரல் இறுக்கத்தோடு நிறுத்தி, விரிசலை ஒட்டாமலே விட்டுவிடலாம். சூடும் அதிர்வும் இல்லாவிட்டால் அது அப்படியே நிற்க வாய்ப்பு அதிகம். மோட்டார் கண்ணாடியிலேயே தொங்குகிறது என்றால் கட்டாயம் ஒட்ட வேண்டும். அதற்கு கண்ணாடியின் ஒளி விலகல் எண்ணோடு ஒத்துப்போகும், தண்ணீர் மாதிரி ஓடும் எபாக்சி இருக்கிறது. ஹெக்ஸ்டல் என்ற பெயரில் விற்பதைத்தான் கண்ணாடி பராமரிப்பவர்கள் அதிகம் நம்புகிறார்கள். அறை வெப்பத்தில் முழுக்க இறுக ஒரு வாரம் எடுக்கும். முன்பக்கமாக, விரிசல் மேல் குச்சி நுனியால் இம்மியளவு வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதிகமாக வைத்தால் பின்பக்கம் கசிந்து பெயிண்டுக்கு அடியில் பரவும், பிறகு எடுக்கவே முடியாது. ஆகவே விரிசலின் இரண்டு ஓரத்திலும் எழும்பிய பெயிண்டைப் படிய வைத்த பிறகுதான் ஒட்டு வேலை. சூப்பர் க்ளூ போடாதீர்கள், பக்கத்தில் வெள்ளைப் பூச்சாகப் படியும், நாளடைவில் விட்டும் போகும்.

வெளியே இருக்கும் குவிந்த கண்ணாடி உடைந்திருந்தால் கவலையே வேண்டாம். அதில் பெயிண்ட் இல்லை. அளவு சொன்னால் கடிகாரக் கண்ணாடி விற்பவர்கள் தருவார்கள். அக்ரிலிக்கில் செய்ததைவிடக் கண்ணாடியையே வாங்குங்கள், அக்ரிலிக் கீறல் விழும், தூசியையும் இழுக்கும்.

விளக்கு. பெயிண்டுக்கு முதல் எதிரி சூடு என்று மேலே சொன்னேன். பாராலாய்டு பி-72 ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். பழைய குண்டு பல்பை மறுபடி மாட்டினால் நீங்கள் ஒட்டியதெல்லாம் நெகிழ்ந்து நகரும். அதே ஹோல்டரில் குறைந்த வாட் எல்.இ.டி. போடுங்கள். 2700 கெல்வின் நிறம் குண்டு பல்பின் மஞ்சளுக்கு ஒத்துவரும். உள்ளே வட்டக் குழல் விளக்கு இருந்தால் அதன் சோக்கைக் கவனியுங்கள். அமெரிக்காவில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய்ப் பொருளின் உற்பத்தி 1979இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்தைய சோக்கில் ‘பி.சி.பி. இல்லை’ என்று எழுதியிராவிட்டால் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பிசுபிசுப்பாகக் கசிந்திருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். உங்கள் கவுன்ட்டியின் அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள்.

அப்படியே ஒயரையும் மாற்றிவிடுங்கள். தகரப் பெட்டி, எர்த் இல்லாத இரண்டு பின் பிளக், வெடித்துப்போன ரப்பர் உறை, இந்த மூன்றும் சேர்ந்தால் பெட்டியே ஷாக் அடிக்கும். மூன்று கம்பி ஒயர் போட்டு, எர்த்தைப் பெட்டியில் திருகி, உள்ளே சின்ன ஃபியூஸ் ஒன்றும் வையுங்கள். இதுவரை பிளக்கைச் சொருகிச் சோதித்தது போதும், இனி ஒயர் மாற்றும் வரை சொருக வேண்டாம்.

மோட்டார் முனகுகிறது என்றால் நல்ல செய்தி. காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், உயிரோடு இருக்கிறது. டெலிகிரான் நிறுவனத்து வகையாக இருந்தால் அதன் ரோட்டார் தனியாக, எண்ணெய் ஊற்றி மூடிய சின்ன உலோகக் கூட்டுக்குள் இருக்கும். உள்ளே நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றி, பல்சக்கரங்களால் குறைந்து, பரவலான வகைகளில் 3.6 சுற்றாக வெளியே வரும். அந்த எண்ணெய் கெட்டியாகிவிட்டால் முனகும், சுற்றாது. ரோட்டாரைக் கழற்றி ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கிப் பாருங்கள். ஓடினால் கொஞ்ச காலம் ஓடும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் ரோட்டாரைத் திறந்து புது எண்ணெய் விட்டுத் தருகிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், அஞ்சலில் அனுப்பலாம். சிங்க்ரான் வகை மோட்டாராக இருந்தால் அதே அளவில் மாற்று மோட்டாரே வாங்கிவிடலாம்.

இனி கோவை விஷயம். இதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும். இந்தக் கடிகாரங்களுக்குச் சொந்தமாக நேரம் தெரியாது. மின்சாரம் விநாடிக்கு எத்தனை முறை திசை மாறி வருகிறது என்று எண்ணித்தான் ஓடுகின்றன. ஹென்றி வாரன் என்ற மாசசூசெட்ஸ்காரர் இந்த மோட்டாரைச் செய்தபோது, மின் நிலையத்தின் அலைவெண்ணே ஒழுங்காக இல்லாததால் கடிகாரம் தப்பாக ஓடியது. அதனால் 1916இல் பாஸ்டன் மின் நிலையத்தில் ஒரு தாய்க் கடிகாரத்தையே நிறுவி, ஜெனரேட்டரை அதோடு ஒத்துப்போக வைத்தார். அந்த அலைவெண் அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 அலை), இந்தியாவில் 50. ஆக, கோவையில் இந்தக் கடிகாரம் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். ஒரு மணி நேரத்தில் 50 நிமிடம் காட்டும், ஒரு நாளில் 4 மணி நேரம் பின்தங்கும்.

230 வோல்ட்டை 120 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் போதும் என்று கடைக்காரர் சொல்வார். அது வோல்டேஜை மட்டும்தான் மாற்றும், அலைவெண்ணைத் தொடாது. போதாததற்கு, 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய காயிலுக்கு 50 ஹெர்ட்ஸில் அதே 120 வோல்ட் கொடுத்தால் கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடாகும். உங்களுக்கு இரண்டு வழி. 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் தரும் சின்ன சைன் அலை இன்வெர்ட்டரை 12 வோல்ட் அடாப்டரில் ஓட்டலாம். மோட்டார் சில வாட்தான் எடுக்கும். வாங்கும்போது வெளியீடு 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள், இந்தியாவில் விற்பவை 50 ஹெர்ட்ஸுக்கானவை. இன்னொரு வழி, மோட்டாரை அப்படியே கழற்றி டப்பாவில் போட்டு வைத்துவிட்டு பேட்டரி குவார்ட்ஸ் மெஷினைப் பொருத்துவது. முட்கள் நீளமாகவும் கனமாகவும் இருப்பதால் சாதாரண மெஷின் தாங்காது, அதிக டார்க் (சுழற்றும் விசை) உள்ள மெஷின் கேளுங்கள். அதன் தண்டு கண்ணாடித் துளையைவிடப் பெரிதாக இருந்தால் கண்ணாடியைத் துளைத்துப் பெரிதாக்க நினைக்காதீர்கள், விரிசல் விழுந்த துளை அது. தண்டு சிறியதாக உள்ள வேறு மெஷினைத் தேடுங்கள். நானாக இருந்தால் இன்வெர்ட்டர் பக்கம் போவேன். விநாடி முள் துடிக்காமல் வழுக்கிக்கொண்டே போவதுதான் இந்தக் கடிகாரத்தின் அழகு, குவார்ட்ஸில் பெரும்பாலும் டிக் டிக் என்று குதிக்கும். விளக்குக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. 230 வோல்ட் எல்.இ.டி.யும் அதற்கேற்ற ஹோல்டரும் ஒயரும் தனியாகப் போட்டுக்கொண்டால் முடிந்தது. இரண்டு இணைப்பையும் கலந்துவிடாமல் மேலே சீட்டு எழுதி ஒட்டுங்கள்.

எடுத்துப்போகும்போது டயலைப் பெட்டிக்குள் வைத்தபடி அனுப்பாதீர்கள். தனியே எடுத்து, பெயிண்ட் பக்கத்துக்கு, கேக் சுடும்போது அடியில் போடும் சிலிகான் பூசிய தாள் வைத்து, அதற்கு மேல் நுரை அட்டை, இரண்டு பக்கமும் பிளைவுட். குமிழ் பிளாஸ்டிக் பெயிண்டில் நேராகப் படக்கூடாது, சூட்டில் வட்ட வட்டமாக அச்சுப் பதித்துவிடும். கண்ணாடியைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். முடிந்தால் கைப்பையில் உங்களோடு விமானத்தில் வரட்டும். 15 அங்குலப் பெட்டிக்கான டயல், பிளைவுட்டோடு சேர்த்தாலும் பல விமான நிறுவனங்களின் கைப்பை அளவுக்கு நெருங்கித்தான் வரும், முன்கூட்டியே அளந்து பாருங்கள். தகரப் பெட்டியும் மோட்டாரும் சரக்கில் வந்தால் போதும்.

கோவையில் மாட்டும்போது மேற்குச் சுவர், சமையலறை இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். வெயில் படும் சுவரின் சூடும் தாளிப்புப் புகையும் அந்தப் பெயிண்டுக்கு ஆகாது.